அருளப்பன் அங்கிளின் கறிவேப்பிலை

திசு வளர்ப்பு என்பது ஒரு துண்டுத் தண்டைக் கண்ணாடி பாட்டிலுக்குள் வைத்து, சர்க்கரையும் ஹார்மோனும் ஊட்டி, பூஞ்சணம் முந்துவதற்குள் செடி முந்திவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருக்கும் தொழில். நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தின் ஓரத்தில், வெஸ்ட்கேட்டில் புல்வெளியெல்லாம் கடைகளாகிக்கொண்டிருந்த வருஷங்களில், சற்றுத் தள்ளி ஒரு நர்சரியின் ஆய்வுக்கூடத்தில் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பூஞ்சணம் பிடித்த ஊறுகாய் ஜாடியை ஒரு முறையாவது திறந்து பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

வேர் மருந்து

மனுகாவில் ஒரு பிறந்தநாள் விருந்து. என் கணவர் யாரிடமோ, "இவ ஹார்மோன்ல வேலை பாக்குறா" என்று சொல்லிவைக்க, அருளப்பன் அங்கிள் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஈப்போக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தலையில் ஒரு முடி கிடையாது. ஆக்ஸின் கொடுத்தால் செடி வேர் விடும், சைட்டோகைனின் கொடுத்தால் தளிர் விடும், இரண்டின் அளவையும் மாற்றி மாற்றித்தான் ஒரு துண்டிலிருந்து முழுச் செடியை வரவழைக்கிறோம் என்று விளக்கினேன். பள்ளிக்கூடப் பையன் போலக் கவனமாகக் கேட்டார். எதிரே அவர் மனைவி ரேச்சல் ஆன்ட்டி, வேண்டாம் என்று கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கிள் அதைப் பார்க்கவில்லை.

"முடிக்கும் வேருதானம்மா. அந்த வேர் மருந்து கொஞ்சம் குடுங்க, தேய்ச்சுப் பாக்குறேன் லா."

அளவு மீறிய வளர்ச்சி

வேர் மருந்து கொடுக்காமல் அன்று எப்படியோ தப்பித்துவிட்டேன். சில மாதம் கழித்து அவரே ஆய்வுக்கூட வாசலில் நின்றார், ஒரு தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி. உள்ளே கிட்டத்தட்ட ஆளுயரக் கறிவேப்பிலைச் செடி. தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு, இலைகள் சுருண்டு, பார்க்கவே பாவமாக இருந்தது. ஆன்ட்டி விதை போட்டு வளர்த்த செடி அது. குளிர்காலத்தில் ஹீட்டருக்குப் பக்கத்து இடம் அதற்குத்தான், விருந்தாளிகளுக்குக்கூடக் கிடையாது. ஆன்ட்டி மகளின் பிரசவத்துக்காக ஈப்போ போயிருந்த நேரம் பார்த்து, இவர் புல்தரையில் க்ளோவர் என்ற களையை ஒழிக்கக் களைக்கொல்லி அடித்திருக்கிறார். தொட்டி அப்போது வெளியே வெயிலில் இருந்தது. மிச்ச வேலையைக் காற்று செய்துவிட்டது.

"அங்கிள், அந்தக் களைக்கொல்லியும் ஆக்ஸின் மாதிரிதான். துளி போட்டா வேர் விடும். அளவு மீறினா செடி கண்டபடி வளர்ந்தே செத்துப்போகும்" என்றேன்.

கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார். "அவகிட்ட என்னான்னு சொல்றது? செடி ரொம்ப நல்லா வளர்ந்து செத்துப்போச்சுன்னா?"

வடிவான பூஞ்சணம்

தொட்டியின் பின்பக்கம், மருந்து படாத ஒரு சின்னக் கிளை பச்சையாக இருந்தது. என் மேலாளர், "உன் சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள்" என்றார். கிளையைக் கணுக்கணுவாக நறுக்கி, ப்ளீச்சில் கழுவி, பாட்டில்களில் வைத்தேன். பக்கத்தில் வசந்தி அக்கா காவல். யாழ்ப்பாணத்துக்காரர், அந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு. வேலை நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, மூச்சிலிருந்துகூடக் கிருமி போகும் என்பார்.

அடுத்த வாரம் அங்கிள் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். மூன்று நான்கு பாட்டில் தவிர எல்லாவற்றிலும் வெள்ளை வெளேரென்று பஞ்சு. "ஒண்ணுமே வளரலையா?" என்று மெல்லக் கேட்டார்.

வசந்தி அக்கா முகமூடியைக் கீழே இறக்கினார். அழகு என்பதை அவர் வடிவு என்றுதான் சொல்வார். "ஆர் சொன்னது? பூஞ்சணம் வடிவா வளருதுதானே."

தளிர் உண்டு, வேர் இல்லை

தப்பிய பாட்டில்களில் சைட்டோகைனின் தன் வேலையைக் காட்டியது. ஒரு கணுவிலிருந்து கொத்துக் கொத்தாகத் தளிர்கள். அவற்றைப் பிரித்து ஆக்ஸின் கலந்த ஊட்டக் கூழுக்கு மாற்றினேன். வேர் மட்டும் வரவில்லை. அளவைக் கூட்டினேன், குறைத்தேன். மரமாகிற செடிகள் எல்லாமே இப்படித்தான், நம் அவசரம் அவற்றுக்குத் தெரியாது. அங்கிளுக்கும் அது தெரியாது. தினமும் காலையில் போன் அடித்து, "வேர் வந்துச்சா?" என்பார். காலையில் போன் அடித்தாலே எனக்குப் பயமாகிவிட்டது.

அதற்குள் ஆன்ட்டி திரும்பும் நாள் வந்துவிட்டது. அங்கிள் ஆல்பனியில் ஒரு நண்பரிடம் வேறொரு கறிவேப்பிலைச் செடியைக் கடன் வாங்கி, ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போனார். வீட்டுக்கு வந்த ஆன்ட்டி பெட்டியைக்கூடத் திறக்கவில்லையாம். நேராகச் செடியிடம் போய், ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாராம்.

"இது யாரு வீட்டுப் பிள்ளை?"

அதே செடி

மறுநாள் ஆன்ட்டி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அங்கிள் நாலடி பின்னால். என்ன திட்டு விழப்போகிறதோ என்று நான் பயந்துகொண்டே ஒரு பாட்டிலை எடுத்து வந்தேன். அதன் அடியில் நூல்போல ஒரு வெள்ளை வேர் இறங்கியிருந்தது. அழுகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், வேர் வந்ததை அங்கிளிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

ஆன்ட்டி அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இது விதைச்சதா?"

"இல்ல ஆன்ட்டி. உங்க செடியோட தண்டுலேர்ந்து வந்தது. அதே செடிதான்."

"இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் எனக்கு வேலை கிடைக்கல. இவரு ஆபிஸ் போய்டுவாரு, பிள்ளை ஸ்கூலுக்குப் போய்டும். பகல் முழுக்க வீட்டுல நானும் இதுவும்தான்" என்றார். அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முதல் வருஷம் பற்றி அவரும் அன்றைக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பாட்டிலில் வளர்ந்த செடிக்கு வெளிக்காற்று பழக்கம் கிடையாது. பிளாஸ்டிக் மூடிக்குள் மண்ணில் நட்டு, மூடியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டோம். சில வாடிப்போயின, நாலைந்து நிமிர்ந்து நின்றன. வசந்தத்தில் ஆன்ட்டி வந்து ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, எனக்கு ஒன்று, வசந்தி அக்காவுக்கு ஒன்று, கடன் கொடுத்த ஆல்பனி நண்பருக்கு ஒன்று என்று பிரித்தார். அங்கிளும் ஆசையாகக் கையை நீட்டினார்.

"உங்களுக்கு இல்ல. நீங்க போய்ப் புல்லைப் பாருங்க."

செத்துப்போன செடியை ஒரு கணுவிலிருந்து மீட்டுவிடலாம், அதைக் கொன்றவரை அவர் மனைவியிடம் மீட்டுக்கொடுக்கும் கலவையைத்தான் எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.