மூணு நாள் ஆகும் சார்

இன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டுச் சின்ன மிக்சி நின்றுபோனது. பெரியது இல்லை. ஒரு ஆளுக்கு ஜூஸ் அடிக்கிற அளவில், கப்பைக் கவிழ்த்து வைத்து ஒரு திருகு திருகினால் ஓடுமே, அது. என் கணவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ராகிக் கூழும் பேரீச்சம்பழமும் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். உர்ர் என்று முனகிவிட்டு அடங்கிப்போனது. "விடு, புதுசு ஆர்டர் போட்டுடலாம்" என்று போனை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

கப்பைக் கழற்றியதும் அந்த வாசனை வந்தது. மோட்டார் சுருளில் பூசியிருக்கும் வார்னிஷ் சூடேறுகிற வாசனை. கருகலும் இனிப்புமாக, கொஞ்சம் பெயின்ட் மாதிரி. பலருக்கு அது பயம் தரும். எனக்கு அது பத்தொன்பது வயசின் வாசனை. அந்த வாசனையிலேயே ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

நின்றுபோன மிக்சியை உடனே திருப்புளி கொண்டு நோண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இதை மட்டுமாவது ஞாபகம் வையுங்கள். முதலில் வேறு பிளக்கில் சொருகிப் பார்க்க வேண்டும். வெட்கமாக இருக்கும், ஆனாலும் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். சூடேறினால் கரண்டை வெட்டிவிடுகிற கட்-அவுட் ஒன்று உள்ளே இருக்கும், ஆறினால் அது தானாகச் சேரும். சில மாடலில் அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கும், அதை அழுத்த வேண்டும். அப்புறம் கப்பின் ஓரத்தில் இருக்கிற மூன்று நாக்குகள். அடித்தளத்தில் அதற்கென்று மூன்று குழி, குழிக்குள் வெள்ளை முள். நாக்கு போய் முள்ளை அழுத்தினால்தான் கரண்டு பாயும். கப்பு கழன்றிருக்கும்போது பிளேடு சுற்றி யார் விரலும் போய்விடக் கூடாதே, அதற்காக. அந்தக் குழியில் சாறு வழிந்து காய்ந்தால் முள் கீழே இறங்காது, மிக்சி ஓடாது. திரும்பி வருகிற மிக்சியில் பாதிக்கு வியாதி அதுதான்.

ஓடவில்லை என்று வாங்கினவர்கள் திருப்பி அனுப்புகிற மிக்சிகளைப் பழுது பார்ப்பதுதான் அப்போது என் வேலை. ஓசூருக்கு வெளியே, தொழிற்பேட்டை தாண்டி, ஒரு சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம், இப்போது இல்லை. எங்கள் ஊர் உத்தனப்பள்ளிப் பக்கம். விடிந்ததும் கம்பெனி பஸ் வரும். ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து வரும் தக்காளி வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தக்காளிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே போய்ச் சேருவேன். இறங்கினால் கேட்டு. கேட்டுக்குள் போனதும் போனை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார்கள். பாத்ரூமுக்குப் போக டோக்கன் மாதிரி ஒரு தகரத் துண்டு. பத்துப் பேருக்கு ஒரு துண்டு. எங்கள் ஷெட்டில் ஜன்னல்கள் எல்லாம் கூரைக்குப் பக்கத்தில் இருந்தன. வெளியே மழையா வெயிலா என்று ஷீட்டில் விழும் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். சாப்பாட்டு நேரத்தில் கேட்டருகே வேப்பமரத்தடியில் உட்காரலாம், அவ்வளவுதான் வெளி.

சேரும்போது மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். "சரிபாக்கணும், குடுத்துட்டுப் போங்க" என்று பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டு, டிசி எல்லாவற்றையும் அசலாக வாங்கிக்கொண்டார்கள். சரிபார்த்து முடிக்கவே இல்லை. ஆபீசில் இருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆபீஸ் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் என்னமோ தப்புப் பண்ணினவள் மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

என் மேஜைக்கு எதிரில் நாகவேணி. ஜவளகிரிக்காரி. வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், சூப்பர்வைசரிடம் தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் மூன்றும் சேர்ந்து வரும். அவள் கை வேகம். நான் ஒன்றைத் திறந்து மூக்கை நுழைத்துப் பார்ப்பதற்குள் அவள் இரண்டை மூடியிருப்பாள். திரும்பி வந்த கப்புகளில் மாம்பழம் புளித்திருக்கும், மிளகாய் காய்ந்திருக்கும். ஒன்றில் யாரோ சிமென்ட் கலக்கியிருந்தார்கள். "இவங்களுக்கெல்லாம் அம்மியைத்தான் குடுக்கணும்" என்பாள்.

அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. இரண்டாவது வருஷம் நடுவில் சீட்டும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அசல் சர்டிபிகேட்டோடு போய்ச் சேர வேண்டும். எச்.ஆர். பார்க்கிற பிரபாகர் சாரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாள். "மூணு வருஷம் முடியட்டும்மா" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்துகிற ஆளாக இருந்தாலாவது திருப்பிக் கத்தலாம். அவர் மெதுவாகப் பேசுவார், கண்ணைப் பார்த்துப் பேசுவார், இல்லை என்பார்.

செவ்வாய்க்கிழமை நாகவேணி தகரத் துண்டை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போயிருந்தாள். பிரபாகர் சார் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. கையில் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குள், கூட்டில் வைத்த மாதிரி, ஒரு சின்ன மிக்சி.

"இது காலையில இருந்து ஓடல. கொஞ்சம் பாக்கறீங்களா? அப்பாவுக்குத் தொண்டையில ஆபரேஷன். எல்லாத்தையும் நைசா அடிச்சுத்தான் குடுக்கணும். பெரிய மிக்சியில அடிச்சா திப்பி திப்பியா நிக்குது, விழுங்க முடியல."

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். குழியில் சாத்துக்குடிச் சாறு காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஒரு முள் கீழே இறங்காமல் மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் மூன்று நிமிஷம்.

அப்போது என் வாயிலிருந்து வந்ததை நானே காதால் கேட்டேன். "ஆர்மேச்சர் போயிருக்கு சார். சுருளை மாத்தணும். மூணு நாள் ஆகும். எனக்கு வராது, நாகவேணிக்குத்தான் இந்த வேலை வரும். அவகிட்ட சொல்றேன்."

கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை காலையில் நாகவேணி ஓடுகிற மிக்சியைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கஷ்டப்பட்டுச் செய்தாள் என்று அவர் மனசு இளகும். அந்த நேரம் பார்த்துக் கேட்டால் கொடுத்துவிடுவார். பத்தொன்பது வயசுக்கு இதுவே பெரிய ராஜதந்திரம். அவர் தலையை ஆட்டினார். "மூணு நாளா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நான் மிக்சியை மேஜைக்கு அடியில், பழைய அட்டைப் பெட்டிக்குள் வைத்தேன்.

நாகவேணி வந்ததும் பெருமையோடு சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"அப்போ இன்னைக்கு மத்தியானம் அந்தப் பெரியவரு என்னா சாப்பிடுவாரு?"

"எதையாவது கரைச்சுக் குடுப்பாங்க. உனக்கென்னாத்துக்குடி அது? வெள்ளிக்கிழமையை நெனைச்சுப் பாரு."

"பேட கணே" என்றாள். வேண்டாம்டி என்று அர்த்தம். கன்னடத்தில் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

பெட்டியை இழுத்து மிக்சியை எடுத்தாள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் குழிகளைத் துடைத்தாள். ஊசியால் முள்ளைச் சுற்றி வழித்தாள். கப்பை வைத்துத் திருகி ஓட விட்டுப் பார்த்தாள். ஷெட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு, சூப்பர்வைசரைக் கேட்காமலே, ஆபீசுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். தடுக்கவா, கூட நிற்கவா என்று முடிவு பண்ணாமலே.

"ஒண்ணும் போகல சார். சாறு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. கப்பு உக்கார்ற இடத்தைத் தினம் ஒருக்கா ஈரத்துணியால துடைச்சா போதும்."

பிரபாகர் சார் மிக்சியைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "மூணு நாள்னு சொன்னாங்களே?"

"அவ சரியாப் பாக்கல சார்" என்றாள் நாகவேணி. அதே மூச்சில், "என் சர்டிபிகேட்டைக் குடுத்துடுங்க சார். வெள்ளிக்கிழமை கடைசி நாளு" என்றும் சொன்னாள்.

அவர் கப்பை ஒருமுறை கழற்றித் திரும்ப மாட்டிப் பார்த்தார். கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். "உனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்மா" என்றார். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

திரும்பி வரும்போது நான் அவளைத் திட்டினேன். கையில் கிடைத்ததை விட்டுவிட்டாய், கேட்டு வாங்கத் தெரியவில்லை என்றேன். "கிழவரைப் பட்டினி போட்டு வாங்கின பேப்பரை வெச்சிக்கிட்டு நர்சாவணுமா நானு?" என்று கேட்டாள். அன்றைக்கும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. எதிரெதிர் மேஜை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மிக்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரம். டிபன் பாக்சைக் கழுவிவிட்டு நாகவேணி கேட்டுக்குப் போனாள். டப்பாவிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டாள். வாட்ச்மேன் கேட் பாஸ் கேட்டார்.

"பாஸ் இல்லண்ணா. நான் வேலையை விட்டுட்டுப் போறேன்."

"சர்டிபிகேட்டு?"

"உள்ள இருக்குது. அது இருக்கட்டும்."

அந்த மனுஷருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரும் அப்படிச் சொன்னதில்லை போல. கொஞ்சம் யோசித்துவிட்டு நோட்டை நீட்டினார். வெளியே போகும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சின்னக் கதவு திறந்தது. பெரிய கேட்டைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

நான் வேப்பமரத்தடியில் பாதிச் சோற்றோடு நின்றிருந்தேன். வெளியே கால் வைத்தவள் திரும்பினாள். இரண்டு நாள் கழித்து முதல் பேச்சு. "வரியா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாயங்காலம் பஸ்ஸு இருக்குல்ல" என்றேன். அவள் கேட்டது பஸ்ஸைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். அவள் லேசாகச் சிரித்து, தலையை ஆட்டிவிட்டு, மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போனாள். சங்கு ஊதியது. நான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வருஷ சீட்டு அவளுக்குப் போய்விட்டது. தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுத்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து மறுபிரதி வாங்கி, அடுத்த வருஷம் சேர்ந்தாளாம். இப்போது தர்மபுரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஜவளகிரிக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பிரபாகர் சார் மறுபடியும் ஷெட்டுக்கு வந்தார். காலியாக இருந்த மேஜையைப் பார்த்தபடி, "அப்பா இப்ப ரெண்டு வேளையும் நல்லா சாப்பிடறார்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என் பொய்யைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

மூன்று வருஷம் முடிந்த பிறகும் நான் இருந்தேன். இன்னொரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், போட்டேன். ஆறாவது வருஷம் கம்பெனியை மூடினார்கள். கடைசி நாள் எல்லாரையும் ஆபீசுக்குள் வரச் சொல்லி அவரவர் சர்டிபிகேட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சுவரோரம் ஒரு இரும்பு அலமாரி. கிளார்க் அம்மா ஒரே விரலால் கதவை இழுத்தார். சாவிக்குக் காத்திருந்த நான், "பூட்டலையாக்கா?" என்று கேட்டேன்.

"இதுக்கா? நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து பூட்டே கிடையாது. யாரு வந்து எடுக்கப் போறாங்க" என்றார்.

இப்போது அந்த இடத்தில் கூரியர் கம்பெனிக் கிடங்கு. வேப்பமரம் இல்லை, எங்கள் பஸ் இல்லை, பழுது பார்க்கிற மேஜைகளும் எங்கேயும் இல்லை. நின்றுபோனதை வாங்கிக்கொண்டு வேறொன்றை அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கடைசி நாள் சாயங்காலம் அலமாரியைப் பழைய இரும்புக்காரர் ஆட்டோவில் ஏற்றியபோது நான் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு ஆடி ஆடித் திறந்துகொண்டது. அவர் ஒரு கயிற்றை எடுத்து அதைச் சுற்றிக் கட்டினார்.