கையால் எழுதிய இணையப் பக்கம்

சுனாமி வந்து போய் இரண்டாவது வருடம் அது. மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் ஒரு சுவர்கூட மிஞ்சாததால், தன்னாமுனைப் பக்கம் தகரமும் பலகையும் வைத்து அடித்த தற்காலிக வீடுகளில் எங்களை இருத்தியிருந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பாதிப் பிரச்சினை அதனால் வந்ததுதான்.

வெளிநாட்டு உதவியில் எங்களுக்கு வகுப்புகள் வைத்தார்கள். பெண்களுக்குத் தையல், ஆண்களுக்குக் கணினி என்று பட்டியல் ஒட்டியிருந்தது. பார்த்த உடனேயே உள்ளே போய், எனக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது, கணினிக்குப் போடுங்கள் என்று சண்டை பிடித்தேன். தொல்லை தாங்காமல் போட்டுவிட்டார்கள். பதினான்கு ஆண்கள், நான் ஒருத்தி, மூன்று கணினி.

வேடிக்கை என்னவென்றால் அங்கே இணைய இணைப்பே கிடையாது. இணையத்தைக் கண்ணால் காணாமலே இணையப் பக்கம் செய்யப் படித்தோம். முறை வரும்வரை எச்.டி.எம்.எல் என்கிற அந்தக் கணினி மொழியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்க வேண்டும். டேக் என்கிற குறி ஒன்றைத் திறந்தால் மூட வேண்டும். தலைப்பைத் தடிப்பாக்கத் திறந்துவிட்டு மூட மறந்தால் பக்கம் முழுக்கத் தடித்துப்போய் நிற்கும். நான் எழுதியது முதன்முதலாகத் திரையில் வந்தபோது, ரோஸ் நிறப் பின்னணியில் நீல எழுத்தில் என் பெயர், நான் கைதட்டியே விட்டேன். பிறகு எழுத்துகளை வலமிருந்து இடமாக ஓட வைக்கிற ஒரு டேக் படித்தோம். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எதை எழுதினாலும் ஓடவிட்டேன்.

எங்களுக்கு அடுத்த தகர வீட்டில் ஓர் அக்கா இருந்தார். ஒரே மகள், ஒன்பது வயது, அலையோடு போய்விட்டாள். அக்காவும் கணவரும் மிஞ்சினார்கள். சாமித்தட்டில் மகளுக்கென்று ஒரு விளக்கு எரியும், ஆனால் பின்னால் வெறும் பலகைதான். படம் இல்லை. ஆல்பம் வீட்டோடு போனது, பள்ளிக்கூடத்தில் இருந்தது பள்ளிக்கூடத்தோடு போனது. எங்கள் வரிசையில் இப்படி எத்தனையோ வீடுகள். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது அக்கா என் காதோடு சொன்னார்.

“எனக்கு அவட முகம் மறந்துகொண்டு வருகுது புள்ள. மூக்கு ஞாபகம் வந்தா கண் வருகுதில்ல. ஆரிட்டயும் சொல்லிராத.”

எப்படியாவது ஒரு படம் கிடைக்காதா என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். அப்போதுதான் தோன்றியது. எங்கள் சனம் பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, கல்யாணம் என்று எதற்குப் படம் பிடித்தாலும், கழுவியதில் ஒன்றைக் கடிதத்துக்குள் வைத்து வெளியூரில் இருக்கிறவர்களுக்கு அனுப்பாமல் விடாது. கடல் எங்களிடம் இருந்ததைத்தானே கொண்டுபோனது? அவர்களிடம் இருப்பது அப்படியே இருக்குமே! ஆனால் அவர்களுடைய விலாசங்களும் எங்கள் வீடுகளோடு போய்விட்டன. அப்படியானால் ஓர் இணையப் பக்கத்தில் கேட்டால் என்ன?

இதை மெதுவாகச் செய்து முடித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். நானா செய்வேன்? குழாயடியில் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன், “இன்டர்நெட்டில ஒரு பக்கம் செய்யிறன். உலகம் முழுக்கப் பாப்பாங்க. புள்ளயளிட படம் தேடி வரும், பாத்துக்கொண்டிருங்க!” பின்னேரத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. தாய்மார் பெயர்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

ஏறாவூரில் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம், தன் வீட்டு முன்னறையில் இரண்டு கணினி வைத்து இணையக் கடை நடத்தினார். வீட்டுத் தொலைபேசி இணைப்புத்தான் இணையம், யாராவது ஃபோனைத் தூக்கினால் அறுந்துவிடும். பக்கத்தை முடித்து, குறுந்தட்டில் பதிந்துகொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வலையேற்றுவதற்கு முன் அக்கா பார்க்கட்டும் என்று திரையைத் திருப்பினேன். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அதில் காட்டியிருந்தேன். பெயர்கள் எல்லாம் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. மகளின் பெயர் வலது ஓரத்தில் வந்ததும் அக்கா அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கூடவே போனார். அது இடது ஓரத்தில் மறைந்தது.

“ஏன் எண்ட புள்ளட பேர் ஓடுது? அண்டைக்கு அலைக்குப் பயந்து ஓடினது காணாதா? நிப்பாட்டு.”

நானா எழும்பி வெளியே போய்விட்டார். நான் அந்த டேக்கைத் தேடி, தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, இரண்டையும் அழித்தேன். அவசரத்தில் இரண்டு தரம் தவறான இடத்தில் அழித்துவிட்டேன். பெயர்கள் நின்றன. அக்கா தலையாட்டினார். அதற்குமேல் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடியில் என் மின்னஞ்சல் முகவரியையும் போட்டு, இலவசமாக இடம் தருகிற ஒரு தளத்தில் பக்கத்தை ஏற்றினோம். யாருக்காவது வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் அந்த நீண்ட முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். கேட்டவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். பிறகு வாரம் ஒருமுறை பஸ் ஏறி ஏறாவூருக்குப் போய் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. இரண்டு மாதம் இப்படியே போனது. முதலில் தாய்மார், “வந்ததா புள்ள?” என்று கேட்டார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போனார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

நானாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. கத்தாரில் இருந்த தன் தம்பிக்கு அழைப்பெடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“கோழி கிண்டின மாதிரி ஈக்காம் புள்ள. ஒரு எழுத்தும் தமிழ் இல்லயாம்.”

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் யார் தமிழ் அடித்தாலும் பாமினி எழுத்துருவில்தான். வகுப்புக் கணினியில் அது இருந்தது, நானாவின் கடையிலும் இருந்தது. அதனால் எங்களுக்கு அழகான தமிழ் தெரிந்தது. அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரியும். வெளிநாட்டில் எத்தனையோ பேர் அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பார்கள், ஒன்றும் விளங்காமல் மூடியிருப்பார்கள். உலகம் முழுக்கப் பார்க்கும் என்றேனே! கடை வாசல்படியில் குந்தியிருந்து அழுதேன். நானா ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, “அழுது முடிஞ்சா உள்ளுக்கு வா புள்ள, வேலையப் பாப்பம்” என்றார்.

உள்ளே போனேன். எந்தக் கணினியிலும் தெரிகிற தமிழ் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம், ஆனால் அதை அடிக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் அடித்தால் பாதிப் பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும். சும்மா சுற்றிப் பார்த்தபோது, அடையாள அட்டைகளைப் பிரதி எடுக்க நானா வைத்திருந்த ஸ்கேனர் கண்ணில் பட்டது. அட! படத்துக்கு எழுத்துரு எதற்கு? படம் வைக்கிற டேக்தான் எனக்குத் தெரியுமே. கையால் எழுதி, அதைப் படமாக்கிப் போட்டால் எந்த ஊர்க் கணினியிலும் எழுதினபடியே தெரியுமே!

அடுத்த நாள் வெள்ளைத் தாள்களோடு வீடு வீடாகப் போனேன். இந்தமுறை வாய்வீச்சு இல்லை. நடந்த பிழையை நடந்தபடி சொன்னேன். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், பழைய வீடு இருந்த ஒழுங்கை, பிள்ளையின் அடையாளம், படம் யாரிடம் இருக்கக்கூடும், எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே எழுதித் தாருங்கள் என்றேன். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அக்கா அந்த ஒரு தாளை எழுத இரண்டு நாள் எடுத்தார். பக்கத்தில் இந்தமுறை நிறமும் இல்லை, ஓட்டமும் இல்லை. வெள்ளைப் பின்னணியில் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தாய்மாரின் கடிதங்கள் மட்டும். பக்கத்தின் முகவரி பழையதுதான். ஏற்றிய கையோடு கத்தாருக்கு அழைப்பெடுத்தோம். தம்பி அக்காவின் தாளை அங்கிருந்து சத்தமாக வாசித்துக்கொண்டு போனார். பாதியில் குரல் நின்றுவிட்டது. பக்கம் வேலை செய்கிறது என்று எங்களுக்கு விளங்கியது.

பன்னிரண்டாம் நாள் ஜெர்மனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அக்காவோடு பள்ளிக்கூடத்தில் படித்த சினேகிதி. சண்டைக் காலத்தில் ஊரைவிட்டுப் போனவர். அங்கே வீடு மாறியதில் கடிதத் தொடர்பு விட்டுப்போய், அக்கா உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் இருந்திருக்கிறார். இந்தப் பக்கம் தனக்கு முன்பே வந்ததாம், பழுதுபோல என்று மூடிவிட்டாராம். இரண்டாம் முறை வேறொருவர் அனுப்பியபோது, பெயரை வாசிக்க முதலே கையெழுத்தைக் கண்டு எழும்பி நின்றுவிட்டேன், எத்தனை வருடம் கடிதங்களில் பார்த்த எழுத்து அது என்று எழுதியிருந்தார். பிள்ளையின் ஆறாவது பிறந்தநாள் படம் தன்னிடம் இருப்பதாகவும், அதைச் சேர்த்து அனுப்பியிருப்பதாகவும் கடைசியில் இருந்தது.

நான் அதைத் திறக்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியவர் அக்கா. அடுத்த பஸ்ஸில் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கால இணைப்பில் படம் மேலிருந்து கீழே கோடு கோடாகத்தான் வரும். முதலில் சுவர் வந்தது. பிறகு ஒரு பலூன். பிறகு சிவப்பு ரிப்பன் கட்டிய தலைமுடி. நெற்றி. அதோடு நின்றுவிட்டது. இணைப்பு அறுந்துவிட்டது. நானா வீட்டுப் பக்கம் திரும்பி, “ஆரு அந்த ஃபோனத் தூக்கின?” என்று போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருடைய மனைவிதான், தெரியாமல் யாருக்கோ அழைப்பெடுக்கப் பார்த்திருக்கிறார். மறுபடி இணைத்தோம். மறுபடி சுவர், பலூன், ரிப்பன். அக்கா மேசை விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. நெற்றி. புருவம். கண்கள். மூக்கு. முன்பல் ஒன்று விழுந்த சிரிப்பு.

“ஓம்” என்றார் அக்கா. “ஓம், இவதான்.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். “கன்னக்குழி வலப்பக்கம் எண்டெல்லோ எழுதினன்! இடப்பக்கம் கிடக்கு!” சிரித்தார், அழுதார், எது என்று எங்களுக்கே பிரிக்கத் தெரியவில்லை. நானாவின் மனைவி முன்னறைக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானா படத்தை அச்சடித்தார். ரிப்பனின் சிவப்புச் சரியாக வரவில்லை என்று கிழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

பிறகு வேறு சில படங்களும் வந்தன. எல்லாத் தாய்மாருக்கும் வரவில்லை. வராதவர்களிடம் நானே போய்ச் சொன்னேன், அது இலேசான வேலை இல்லை. சண்டை கூடிய காலத்தில் ஏறாவூருக்குப் போய்வருவது குறைந்தது. சில வருடத்தில் அந்த இலவசத் தளமே மூடப்பட்டது. இன்று அந்தப் பக்கத்தைத் தேடினால் எங்கும் கிடைக்காது.

போர் முடிந்த அடுத்த வருடம் அக்காவுக்குக் கல்வீடு கிடைத்தது. புதுவீட்டுக் குடிபூரலுக்கு எங்களையும் அழைத்திருந்தார். வாசலில் நிறைகுடம், விளக்கு, உப்பு, மஞ்சள், சாமிப் படங்கள் எல்லாம் காத்திருந்தன. அவற்றோடு மகளின் படமும் சட்டம் போட்டு இருந்தது. நல்ல காரியத்தில் இதை ஏன் முன்னால் வைத்திருக்கிறீர்கள், பிறகு கொண்டுபோகலாமே என்று சொந்தக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். அக்கா அவரிடம் கோபிக்கவில்லை.

“எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே? இது அவட வீடு. அவ வராம நான் எப்பிடிக் காலெடுத்து வைக்கிற?”

சொல்லிவிட்டுப் படத்தை எடுத்தார். தானே கொண்டுபோவார் என்று நினைத்தேன். என் கையில் தந்தார். “நீதானே இவவக் கூட்டிக்கொண்டு வந்தாய். உள்ளுக்கும் நீயே கூட்டிக்கொண்டு போ.”

இப்போது பாசிக்குடா ஹோட்டல்களுக்கெல்லாம் இணையத்தளம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். நல்ல வேலை என்று நாலு பேர் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், அந்தப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குள் நான் வலது காலை எடுத்து வைத்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது, தலை தானாக நிமிர்ந்துவிடுகிறது.