ஒரே தட்டில் மந்திச் சோறு

போன வாரம் அல் கூஸில் ஒரு பழைய கட்டிடத்துக்கு வேலையாகப் போயிருந்தேன். லிஃப்ட் தரையில் இரண்டு பாதங்கள் போட்ட ஸ்டிக்கர், முக்கால்வாசி தேய்ந்து கிடந்தது. கொரோனா காலத்தில் ஒட்டியது. என் கால் தானாகப் போய் அதன்மேல் நின்றுகொண்டது. பழக்க தோஷம், என்ன செய்ய.

அப்போது ஷார்ஜாவில் கல்லூரி மாணவன். ஹாலும் ஒரு ரூமும் உள்ள ஃப்ளாட்டில் மூன்று பேர்: யாழ்ப்பாணத்துச் சுஜீவன், குளச்சல் ஆன்றோ, நாகர்கோவில்காரன் நான். வகுப்பெல்லாம் லேப்டாப்புக்குள் வந்துவிட்டது. ஊருக்கு விமானம் கிடையாது. அந்த நோயைப் பற்றி எங்களுக்குத் தெரியாததே இல்லை என்று நினைப்பு. ஆன்றோ பார்மசி படித்தான். வைரஸ் எந்தப் பொருளில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்காமலே சொல்வான். அம்மாக்கள் வாட்ஸப்பில் அனுப்பிய இஞ்சி, மிளகுக் கஷாயங்களைக் கேலி செய்துவிட்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் மூவருமே குடித்தோம்.

எங்கள் சுத்தத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை, பிரியாணி மாதிரியான அரபுச் சாப்பாடு மந்திச் சோறு பார்சல் வந்தால் பையைத் துடைப்போம், டப்பாவைத் துடைப்போம், ரப்பர் பேண்டைக்கூட சானிடைசரில் குளிப்பாட்டுவோம். பாட்டுப் பாடிக் கை கழுவுவோம். அப்புறம் தரையில் பிளாஸ்டிக் விரித்து, சோறும் கோழியும் ஒரே பெரிய தட்டில் கொட்டி, மூன்று கைகளும் உள்ளே! அந்த ஊரில் மந்தியைத் தனித்தட்டில் யார் தின்கிறார்கள்? ஒருவனுக்கும் உறைக்கவில்லை. படித்த முட்டாள்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான், "என்னலே, இன்னைக்கு மந்தியில வாசனையே இல்ல" என்றேன். தட்டுக்குள் மற்ற இரண்டு கைகளும் அப்படியே நின்றன.

பரிசோதனையில் கொரோனா என்றே வந்தது. ஃப்ளாட்டை எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்த பாய், அவனை உடனே வெளியே அனுப்புங்கள், இல்லையென்றால் மூவரும் காலி செய்யுங்கள் என்று போனில் ஹிந்தியில் கத்தினார். காய்ச்சலோடு எங்கே போவது? பயத்தில் அழுகை வந்துவிட்டது. பையை எடுத்துத் துணியை அடுக்கினேன். சுஜீவன் அதைப் பிடுங்கி மூலையில் வைத்தான்.

"எங்கயடா போகப் போறாய்? ஒரு தட்டிலதானே எல்லாரும் சாப்பிட்டனாங்கள். வாறது எல்லாருக்கும் வரட்டும். போய்ப் படு."

வெளியே விட்டால் கட்டிடம் முழுக்கப் பரவும் என்று மிரட்டியே ஆன்றோ பாயை வழிக்குக் கொண்டுவந்தான். அவன் படிப்பு எங்களுக்கு உதவிய முதல் இடம் அதுதான்.

இருந்த ஒரே ரூமை எனக்கு விட்டுவிட்டு இருவரும் ஹாலில் படுத்தார்கள். கஞ்சியை வெளியே வைத்துக் கதவைத் தட்டுவார்கள். நான் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியதும், அந்தப் பக்கம் கதவை ஒட்டி இருவரும் தங்கள் தட்டோடு உட்காருவார்கள். தனியாகத் தின்றால் நான் பாதியில் வைத்துவிடுவேனாம். பேச்சு சாப்பாடு முடிந்த பிறகும் ஓடும். பிறகு அவர்களுக்கும் வந்து போயிற்று; என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. நேரில் நன்றி சொன்னால் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன். அன்று என்னைப் பிழைக்க வைத்தவர்கள் அவர்கள்தான்.

சுஜீவன் இப்போது கனடாவில். ஆன்றோவுக்கு அல் கோபாரில் மருந்துக்கடை வேலை, கல்யாணமும் ஆகிவிட்டது. எனக்குத் தனி ஃப்ளாட். போன மாதம் காய்ச்சல் வந்தபோது கஞ்சியை நானே வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்த வேண்டிய அவசியமே இல்லை; அந்தப் பக்கம் யாரும் இல்லை.