நிஷாந்தி மிஸ் குந்துவதில்லை

பஞ்சுச் சுருள் கைநழுவிக் கட்டிலடியில் உருண்டோடுகிறது. நிஷாந்தி மிஸ் வலது முழங்காலைத் தரையில் ஊன்றுகிறாள். முதுகு வளையாமல் கையை மட்டும் நீட்டி எடுக்கிறாள். எழுந்து, வெள்ளைக் கவுனில் முழங்கால் பட்ட இடத்தைத் தட்டிவிடுகிறாள். மருந்துத் தட்டு விழுந்தாலும் அப்படித்தான், நோயாளியின் செருப்பைத் தேடினாலும் அப்படித்தான். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி, அதில் ஆண்களுக்கான எலும்பு வார்ட். அங்கே அவள் நர்ஸ் வேலைக்கு வந்து எத்தனையோ வருடமாகிறது. இரண்டு காலையும் மடக்கி அவள் குந்தியதை ஒருவரும் கண்டதில்லை.

வார்ட்டைக் கூட்டித் துடைக்கும் புஷ்பத்துக்கு இது தீராத வேடிக்கை.

"ஏன் மிஸ், அந்த ஒத்த முழங்கால் அழுக்கு எந்தச் சவுக்காரத்துக்குப் போகும்? எங்கள மாதிரி குந்திக்கிட்டு எடுத்தா கவுனாச்சும் மிஞ்சுமே."

"அதெல்லாம் பாத்துக்கலாம். நீங்க மூலையக் கூட்டுங்க."

'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்பது அவள் வாயில் ஊறிப்போன வார்த்தை. ஊசிக்கு நடுங்குகிறவனிடமும் அதுதான், எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று நச்சரிக்கிறவனிடமும் அதுதான். சொல்லிக்கொண்டே தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைப்பாள். கேட்டவருக்குப் பாதி நோவு இறங்கிவிடும். தப்பித்துக்கொள்ளவும் அதே வார்த்தைதான் உதவும்.

"மிஸ்ஸுக்கு ஊர் எது?"

"டவுன் பக்கம்."

"டவுன்ல எங்க?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். கைய நீட்டுங்க, பிரஷர் பாக்கணும்."

நிஷாந்தி என்ற பெயரைச் சிங்களவரும் வைப்பார்கள், தமிழரும் வைப்பார்கள். அவள் பேசும் சிங்களத்தில் தமிழ் வாடை துளியும் கிடையாது. வீடு இப்போது கண்டி டவுனையொட்டிய மஹய்யாவையில். அங்கே யாரையும் வருந்தி அழைத்ததில்லை. இன்னொரு வழக்கமும் அவளிடம் உண்டு. வார்ட்டின் தெற்கு ஜன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை முழுசாக எதிரே நிற்கும். வந்ததும் வராததுமாக அந்தத் திரையை இழுத்து மூடிவிடுவாள். "வெயில் மொகத்துல அடிக்குது" என்பாள். மழை கொட்டுகிற நாளிலும் அதையேதான் சொல்வாள்.

அந்த மலையின் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அறை ஒன்றில்தான் அவள் பிறந்தாள். நர்ஸ் படிப்புக்குப் போன புதிதில், விடுதிக் குழாயடியில் குந்தித் துணி துவைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து ஒரு பெண் சிரித்தாள். "பாருங்கடி, கொழுந்து பறிக்க வந்த ஆள் மாதிரி குந்திக்கிட்டு இருக்கு." சொன்னவள் அதை அன்றைக்கே மறந்திருப்பாள். நிஷாந்தியின் முழங்கால்கள் மறக்கவில்லை.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. அந்த வார்ட்டில் புதன்கிழமைக் கூட்டம் என்று ஒன்று உண்டு. பெரிய டொக்டர், நோயாளிகளுக்கு நடை பழக்கும் அஸீம், வீட்டில் போய் எப்படிக் குளிப்பது, உடுப்பது, கக்கூசுக்குப் போவது என்று சொல்லிக்கொடுக்கும் தில்ருக்ஷி, நர்ஸ் எல்லாரும் ஒரே கட்டிலைச் சுற்றி நின்று அந்த ஆளை எப்போது, எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்று பேசுவார்கள். டொக்டருக்கு எலும்பு தெரியும், அஸீமுக்குத் தசை தெரியும். ஆளைத் தெரிந்தவள் நிஷாந்தி. யார் சாப்பிடாமல் சாப்பாட்டை ஒளிக்கிறான், யார் நோவை மறைக்கிறான் என்று அவள் சொன்னால்தான் மற்றவர்களுக்குக் கணக்கு நேராகும். தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி என்றால், அஸீமுக்கும் தமிழ் வரும் என்றாலும், கூட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் வாயும் அவள்தான்.

அந்த வார்ட்டுக்கு வீரசிங்கம் வந்து சேர்ந்தார். ஹந்தானைக்காரர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைக் கேட்டதும் ஈரச் சரிவில் இளவட்டம் மாதிரி ஓடியிருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆப்பரேஷன் செய்து, இடுப்பு மூட்டில் பந்து மாதிரி உலோகக் குண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் தண்ணீர் கேட்கவில்லை, போனைக் கேட்டார். வார்ட்டில் நடக்கக்கூடியவர்கள் அத்தனை பேரும் அவர் பேத்தியின் படத்தைப் பார்த்தாகிவிட்டது.

"மூக்கப் பாருங்க. அச்சு அசல் என் மூக்கு."

"மாமா, புள்ளைக்கி இப்பவே சாபம் வெக்காதீங்க," என்றார் அஸீம். "எழும்புங்க, நடப்போம். பேத்திட கலியாணத்துல ஆட வாணாமா?"

நிஷாந்தி கட்டு மாற்ற வந்தபோது வீரசிங்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ... எங்க தோட்டத்து மடுவத்து லயத்துப் பெரியண்ணன் மவதானே?"

பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தார். நிஷாந்தி கட்டுத் துணியை இறுக்கிப் பிடித்தாள். "சத்தம் போடாதீங்க மாமா."

ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அன்றிலிருந்து வார்ட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி, "மிஸ், மிஸ்" என்றே கூப்பிட்டார். பெரியண்ணன் பேரை மறந்தும் எடுக்கவில்லை. அவர் அப்படி மரியாதை கொடுக்கக் கொடுக்க, அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் புதன்கிழமை வந்தது. அஸீம் படித்துப் படித்துச் சொன்னார்: தாழ உட்காரக்கூடாது, தரையில் இருக்கக்கூடாது, குந்தவே கூடாது, குந்தினால் குண்டு கழன்றுவிடும். தில்ருக்ஷி சிங்களத்தில் கேட்டாள்: "வீட்டில் கக்கூஸ் எப்படி? உட்காருகிற கொமட்டா? தூரமா?" நிஷாந்தி அதைத் தமிழில் கேட்டாள்.

வீரசிங்கம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பேத்திக்குப் பெயர் வைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொன்னால் நிறுத்தி வைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை படித்தவர்கள் முன்னால் கக்கூஸ் கதையை அவிழ்ப்பது எப்படி என்ற கூச்சம் ஒரு பக்கம்.

"வீட்டுக்குள்ளயே இருக்குங்க. கொமட்டுதான்," என்றார். அவளைப் பார்க்காமல் சொன்னார்.

அவளுக்குத் தெரியும். லயத்துக்குக் கீழே, மண்ணில் வெட்டிய படிகளில் இறங்கிப் போக வேண்டும். குந்துகிற கக்கூஸ். எழும்புவதற்குக் கூரை மரத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கும். சின்ன வயதில் அந்தக் கயிற்றுக்கு எட்டாமல் அவள் அழுதிருக்கிறாள். இப்போது "அப்படி இல்லை" என்றால், "உனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்பார்கள்.

"வீட்டுக்குள்ளேயே கொமட் இருக்கிறதாம்," என்று சிங்களத்தில் சொன்னாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தில்ருக்ஷி திருப்தியாகத் தலையாட்டினாள்.

பெயர் வைத்துச் சில நாட்களிலேயே வீரசிங்கத்தைத் திரும்பத் தூக்கி வந்தார்கள். குண்டு கழன்று, கால் குட்டையாகி உள்ளே திரும்பியிருந்தது. மயக்கம் கொடுத்து இழுத்துப் பொருத்தினார்கள். இன்னொரு முறை கழன்றால் திரும்ப வெட்ட வேண்டும், அதற்குப் பிறகு நடப்பது சந்தேகம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

முகம் துடைக்கப் போன நிஷாந்தியிடம் அவர் மெதுவாகச் சொன்னார். "கயித்தப் புடிச்சிக்கிட்டுத்தான் எந்திரிச்சேன் புள்ள. டொக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்." பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றினார். "பேத்திக்குத் தஸ்மிகான்னு பேரு வச்சிருக்காங்க. என் வாயில நொழைய மாட்டேங்குது. நான் குட்டின்னுதான் கூப்புடுறேன். குட்டின்னா திரும்பிப் பாக்குறா, தெரியுமா?"

அவள் ஈரத் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தாள். 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்று சொல்லாமலே தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்தாள்.

அடுத்த புதன்கிழமை. டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எல்லார் முன்னாலும் அஸீமைப் பிடித்துக்கொண்டார். "என்ன பழக்கி அனுப்பினாய்? குந்தக்கூடாது என்று ஒழுங்காகச் சொன்னாயா இல்லையா?"

எப்போதும் ஏதாவது பகிடி சொல்லும் அஸீம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காதுமடல் சிவந்துவிட்டது. "என் பிழைதான் சேர்," என்றார். "இன்னும் விளங்கப்படுத்தியிருக்க வேண்டும்."

சிங்களம் முழுசாகப் புரியாவிட்டாலும், ஏச்சு யாருக்கு விழுகிறது என்று வீரசிங்கத்துக்குப் புரிந்தது. கட்டிலில் கையை ஊன்றி நிமிரப் பார்த்தார். "தம்பிய ஏசாதீங்க சேர். அவரு நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு. நாந்தான் வழுக்கி விழுந்துட்டேன்."

எல்லாரும் நிஷாந்தியின் பக்கம் திரும்பினார்கள். இதை அவள் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை அப்படியே சொன்னால் போதும், இந்த முறையும் ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

"அவர் வழுக்கி விழவில்லை சேர்," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "அங்கே கொமட் கிடையாது. லயத்துக்கெல்லாம் பொதுவாகச் சரிவுக்குக் கீழே ஒரு வரிசைக் கக்கூஸ்தான். குந்தத்தான் வேண்டும். அஸீம் மேல் பிழையில்லை. போன முறை தில்ருக்ஷி கேட்டபோதே எனக்குத் தெரியும். நான் பிறந்ததும் அங்கேதான்."

புஷ்பத்தின் துடைப்பம் நின்றது. டொக்டர் எக்ஸ்ரேயைக் கீழே இறக்கினார். அஸீம் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அந்த ஒன்றுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

முதலில் பேசியவள் தில்ருக்ஷி. கோபமாகக் கேட்டிருக்கலாம், ஆனால் வேலைக் குரலில்தான் கேட்டாள். "உள்ளே உட்கார ஒரு கதிரை வைக்க இடம் இருக்கிறதா? நடுவில் ஓட்டை வெட்டி மேலே நிறுத்தினால்?"

"இடம் குறைவு. கதவு உள்பக்கம் திறக்கும்."

"எவ்வளவு தாழக் குந்தணும்?" இது அஸீம், இப்போது தமிழில். "குந்தினா முட்டு எதுவரைக்கும் வருது? நெஞ்சு வரைக்குமா? அத வெச்சித்தான் கதிரைட உயரம் சொல்லேலும்."

நிஷாந்தி கையால் ஓர் அளவு காட்டினாள். சரியில்லை என்று கொஞ்சம் தாழ்த்தினாள். அதுவும் சரியில்லை. வாயால் சொல்லிப் பார்த்தாள், சிங்களத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

தெற்கு ஜன்னலின் திரை வழக்கம்போல மூடியிருந்தது. அதன் அருகே இரண்டு கட்டில்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போய் நின்று, வெள்ளைக் கவுனின் விளிம்பை முழங்காலோடு சேர்த்துச் சுருட்டிப் பிடித்தாள்.

"வேணாம் புள்ள," என்றார் வீரசிங்கம்.

அவள் இரண்டு காலையும் மடக்கிக் குந்தினாள். முழங்கால்கள் நெஞ்சில் முட்டின. தொப்பி சரிந்து ஒரு காதில் தொங்கியது. சுற்றிலும் சப்பாத்துகளும் கட்டில் சக்கரங்களும்தான் தெரிந்தன. அஸீம் நேரே எதிரே வந்து, தானும் குந்தி, அவள் முழங்காலுக்கும் தரைக்கும் நடுவில் அளவு பார்த்தார். தில்ருக்ஷி குனிந்து கேட்டாள்.

"எழும்பும்போது எதைப் பிடிப்பார்?"

நிஷாந்தி தலையை நிமிர்த்தவில்லை. வலது கை மட்டும் தானாக மேலே போய், அங்கே இல்லாத கயிற்றை எட்டிப் பிடித்தது.