மாசியில் வீட்டில் இல்லாதவர்கள்

என் மனைவி முதன்முதலாக அமெரிக்காவுக்குப் புறப்பட்டது ஒரு தை மாதத்தில். எங்கள் ஒரே மகளுக்கு அங்கே தலைப்பிரசவம். மகள், மருமகன் இருவருக்குமே சாஃப்ட்வேர் வேலை. அந்த வருடங்களில் ஹைதராபாத் அல்வாலில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கதை இதுதான். பிள்ளைகள் கடல் தாண்டியிருப்பார்கள், பெற்றவர்களில் யாராவது ஒருவர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். நான் மௌலா அலிப் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் இருந்தேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் பாக்கி. நீண்ட விடுப்பு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவள் மட்டும் போனாள்.

புறப்படும் அன்று காலை பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு, என்னை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டாள். அங்கேதான் அவளுடைய தோட்டம். பெரிய இடமொன்றுமில்லை. வீடு கட்டும்போது தோண்டிய இடத்திலெல்லாம் பாறைதான் வந்தது. லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டச் சொல்லி, அதில் ஒவ்வொன்றாக நட்டு வளர்த்தது முழுக்க அவள். மாமரம் ஒன்று, சீத்தா ஒன்று, வேம்பு ஒன்று, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி மல்லிகைப் புதர், பின்சுவரை ஒட்டி ஒரு புங்கமரம். நான் காலையில் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடி, பொழுது சாய்ந்து திரும்புகிறவன். கை கழுவும்போது ஜன்னல் வழியே பச்சையாகத் தெரிவதுதான் எனக்குத் தோட்டம்.

"இந்த மல்லியைப் பாத்துக்கிடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை இலையெல்லாத்தையும் உருவிடணும். நுனியையும் வெட்டி விட்ருங்க."

"அவ்வளவு இலையையுமா?"

"ஒண்ணு விடாம. பாவம்னு பாத்து விட்டுட்டீயன்னா பங்குனியில பூ இருக்காது."

அவள் பேசுவது இத்தனை வருட ஹைதராபாத்துக்குப் பிறகும் திருநெல்வேலிதான். என் பேச்சில் தெலுங்கும் உருதும் எப்போதோ கலந்துவிட்டன.

அவள் போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே மல்லிகைக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கொப்பைக் கீழிருந்து பிடித்து மேலே இழுத்தால் இலைகள் கையோடு வந்துவிடும் என்று காட்டிக் கொடுத்திருந்தாள். நன்றாகத்தான் வந்தன. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, தொட்டியோரம் ஒரு கட்டு விளக்குமாற்றுக் குச்சியை நட்டுவைத்தது போல இருந்தது. தவறாகக் கேட்டுக்கொண்டேனோ என்று நாள் முழுக்கச் சந்தேகம்.

அங்கே சனிக்கிழமை இரவாக இருக்கும்போது எங்களுக்கு ஞாயிறு காலை. அந்த நேரத்துக்குத்தான் போன் வரும். முதல் தடவை பேசியபோது மகளின் உடம்பு, அங்கத்துக் குளிர் எல்லாம் சொல்லிவிட்டு, "மா பூத்துட்டா?" என்று கேட்டாள்.

"பாக்கல."

"பாக்கலையா? பின்வாசல் கதவைத் திறந்தா வாசம் வருமே!"

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். மரம் பூத்திருந்தது. இளஞ்சிவப்புத் தண்டில், வெளிறிய மஞ்சளில், கொத்துக் கொத்தாக. அதைச் சுற்றி ஈயும் தேனீயும் இரைந்துகொண்டிருந்தன. இவ்வளவு சத்தத்தை எப்படி இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. திரும்ப ஓடி வந்தேன்.

"பூத்திருக்கு."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்னா?"

"முதல்ல தெக்குப் பக்கம்தான் பூக்கும். அங்கதான் வெயில் விழும்."

மறுபடி ஓடினேன். தெற்குப் பக்கம்தான். வடக்கே இன்னும் மொட்டுகூட விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சொன்னேன்.

"இங்க ஒரு மரத்துலயும் ஒரு இலை கிடையாது. ஜன்னலைத் திறக்கவும் விடமாட்டேங்காவ," என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு முழுக்கத் தோட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று தினமும் பஸ்ஸுக்குப் போகுமுன் ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். பிறகு பஸ்ஸிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. திருமுல்கேரி வழியாகப் போகும்போது ராணுவக் குடியிருப்புகளின் சுவரோரம் நிற்கும் பழைய மரங்களை, எத்தனையோ வருடங்களாகத் தூங்கிக்கொண்டே கடந்த மரங்களை, ஜன்னலோர இடம் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்து இருக்கைக்காரர், "கியா பாய், ஏதாச்சும் பிளாட் பாக்குறீங்களா?" என்றார். அப்போது யார் எதை உற்றுப் பார்த்தாலும் மனை வாங்கத்தான் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

மாசி பிறந்ததும் சீத்தாமரம் இலையைக் கொட்ட ஆரம்பித்தது. சில நாளில் ஒரு இலை மிச்சமில்லை. சாம்பல் நிறக் கொப்புகள் மட்டும் நின்றன. நான் பயந்துபோனேன். தண்ணீரை அதிகமாக ஊற்றினேன், பிறகு அதனால்தான் பட்டுப்போகிறதோ என்று நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் முதல் வேலையாக, "சீத்தா செத்துப்போச்சு," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு அந்தக் கடல் முழுக்கத் தாண்டி வந்தது. "அது வருசா வருசம் அப்படித்தான் நிக்கும். இத்தனை வருசத்துல நீங்க பாத்ததே இல்லையா? இங்க வாங்க, ஊரே அப்படித்தான் நிக்கு."

பின்னால் மகளின் சிரிப்பும் கேட்டது. அவர்கள் சிரித்துக் கேட்டது அதுதான் அந்த மாதத்தில் கடைசி. அடுத்த வாரமே, நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. எடை போதவில்லை, மூச்சும் சீராக இல்லை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

மருமகன்தான் போன் செய்து சொன்னார். மனைவியிடம் பேச முடியவில்லை, ஆஸ்பத்திரியில் மகளோடு இருந்தாள். எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் எடுக்கவே எங்கள் வேலையில் ஆயிரம் அனுமதி வேண்டும். ஆபீசுக்குப் போனேன், வந்தேன், ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன். அந்த நாட்களில்தான் தோட்டம் ஆளே மாறியது. புங்கமரம் பழைய இலையைக் கொட்டிய வேகத்தில் புதுத் தளிரால் நிறைந்துவிட்டது, எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம். மாமரத்தின் வடக்குப் பக்கம் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டது. தொட்டால் துணி போலத் தொய்ந்தது. வேம்பின் நுனியெல்லாம் சிவப்பு. நான் விளக்குமாறாக்கிய மல்லிகையில் கணுவுக்குக் கணு இரண்டு இரண்டு இலைகள். இத்தனையும் கேட்பாரில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் அவளிடம் சொல்ல வாய் வரும். கண்ணாடிப் பெட்டியில் குழந்தை கிடக்கும்போது தளிரைப் பற்றி யாரிடம் பேசுவது?

ஒரு சாயங்காலம் போன் மணி அடித்தது. வழக்கமில்லாத நேரம். ஓடிப்போய் எடுத்தேன்.

"பெட்டியில இருந்து எடுத்துட்டாவ," என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். நானும் அழுதேன். கொஞ்சம் தேறி, "பிள்ளை ரொம்பச் சின்னதா இருக்குங்க. இவளால தனியாப் பாத்துக்கிட முடியாது. நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா?" என்றாள்.

"இரு, இரு. இங்க என்ன அவசரம்? விசாவை நீட்டிச்சுக்கச் சொல்லு."

போனை வைத்தபின் விளக்குப் போடத் தோன்றாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உகாதிக்கு முதல் நாள் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். தெலுங்குக்காரர், என்னை அண்ணா என்றும் என் மனைவியை வதினா, அதாவது அண்ணி, என்றும்தான் கூப்பிடுவார். பச்சடிக்கு வேப்பம்பூவும் மாங்காயும் வேண்டும். கொப்பை வளைத்துப் பிடித்தேன், அவர் பூவை உதிர்த்து முந்தானையில் வாங்கிக்கொண்டார். "வதினா எப்புடு ஒஸ்தாரு, அண்ணய்யா?" என்று கேட்டார். எப்போது வருவாள் என்று எனக்கே தெரியாது. "மழைக்காலம் ஆகும்மா," என்றேன். தொட்டியோரம் மல்லிகை அரும்புகள் விடைத்துக்கொண்டிருந்தன. பறித்துக்கொண்டு போகச் சொன்னேன். பூக்க ஆரம்பித்த நாளிலிருந்து நான் அவற்றைத் தொடவே இல்லை. மறுநாள் வாடிக் கீழே கிடப்பதைத்தான் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு அவளே கேட்டாள். "மல்லி பூத்துட்டா?"

"கொட்டுது."

"யாருக்குக் குடுக்கீய?"

"பக்கத்து வீட்டம்மா பறிச்சிட்டுப் போறாங்க."

"நல்ல காரியம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "தலையில பூ வச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? இங்க கோயிலுக்குப் போனாலும் பிளாஸ்டிக் பூதான்," என்றாள்.

நீ இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டியது அந்த இடத்தில்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. "சரி, போன் கார்டு தீந்துரப் போகுது, வை," என்றேன்.

அவள் வந்தது ஆடி மாதம். பாதி எடைதான் இருந்தாள். வந்து காபிகூடக் குடிக்காமல் பின்பக்கம் போனாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எல்லா மரமும் ஒரே கரும்பச்சை. எந்த இலை எப்போது வந்தது என்று தெரியாதபடி எல்லாம் முற்றிப்போயிருந்தன. நான் கூடவே போய், இந்தக் கொப்பில்தான் கொழுந்து அப்படிச் சிவப்பாக இருந்தது, இங்கேதான் தேனீ கூடு வைக்கப் பார்த்தது என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். அவளும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். போன வருடத்து நாடகத்தை மேடையை மட்டும் காட்டி விளக்குவது போல இருந்தது எனக்கு.

அடுத்த மாசிக்காக நான் காத்திருந்தேன். சேர்ந்து பார்க்கலாம் என்று ஆசை. இருந்த சொற்ப விடுப்பில் ஒரு வாரம் எடுத்தேன். மாமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டு, காலையில் காபியோடு உட்கார்ந்தோம். பூ போன வருடத்தைவிட அதிகம். நான் வடக்குப் பக்கக் கொழுந்தைக் காட்டினேன். "ஆமா, நல்லா இருக்கு," என்றாள். கண் அங்கே இல்லை.

"இப்போ சுவரைப் பிடிச்சு எந்திரிச்சு நிப்பா," என்றாள் சற்றுப் பொறுத்து. "என்னைத் தேடுவாளோ என்னமோ. மறந்திருப்பா."

என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் நான் இருந்த இடத்துக்கு இப்போது அவள் வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

அதன் பிறகு மகள் குடும்பத்தோடு வந்ததெல்லாம் கிறிஸ்துமஸ் விடுமுறையில், இல்லாவிட்டால் அவர்களுடைய கோடை விடுமுறையில், எங்கள் மழையில். பேத்திக்குப் பள்ளிக்கூடம் வந்த பிறகு அதுவும் இறுகிவிட்டது. மாம்பூவையோ மல்லிகையையோ அவர்கள் பார்த்ததே இல்லை.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆன பிறகு, மகளுடைய கம்பெனி ஊரின் மறுகோடியில், மாதாப்பூர்ப் பக்கம், ஓர் ஆபீஸ் திறந்தது. ஒரு மாசியில் அவளை ஒரு வார வேலையாக அனுப்பினார்கள். தனியாகத்தான் வந்தாள். பகலெல்லாம் இங்கத்து ஆட்களோடு கூட்டம், ராத்திரியெல்லாம் அமெரிக்காவோடு போன். அல்வாலிலிருந்து போய்வரக் கட்டாது என்று ஹோட்டலிலேயே தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் எங்களுக்குக் கிடைத்தது.

கண்ணெல்லாம் சிவந்துபோய் வந்து இறங்கினாள்.

"இட்லி ஊத்தட்டுமா?" என்றாள் என் மனைவி.

"இப்போ வேண்டாம், நக்கோம்மா. காபி மட்டும் குடு. அங்க பின்னாடி உக்காந்துக்கிறேன்."

மாமரத்தடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மரம் முழுக்கப் பூ. அதற்கப்பால் வெறும் கொப்பாக நின்ற சீத்தாவில் முதல் இலைகள். அதற்கும் அப்பால் புங்கமரத்தின் பளபளப்பு.

"அம்மா, இது எப்பவுமே இப்படியா இருந்துச்சு? நான் இந்த வீட்லதானே வளந்தேன்?"

"இந்த மாசத்துல நீ எப்பட்டி வெளிய வந்த? வருசா வருசம் பரீட்சை. கதவைச் சாத்திட்டு உள்ள படிச்சுட்டுக் கிடப்ப."

மகள் சிரித்தாள். நாற்காலியில் சாய்ந்து, காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டாள். பேத்தியின் நடன வகுப்பைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் பேச்சு நின்றது. பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாள். காபி டம்ளரை மெல்ல அவள் கையிலிருந்து எடுத்தேன்.

இவள் சமையலை முடித்துவிட்டு எழுப்ப வந்தாள். கிட்டே போனவள், எழுப்பாமல் திரும்பினாள். ஒரு முக்காலியைக் கொண்டுவந்து மகளுக்கு மேற்கே போட்டு உட்கார்ந்தாள். கிளைகளுக்கு நடுவே இறங்கிய வெயில் மகளின் முகத்தில் விழாமல் இவள் முதுகில் விழுந்தது. வெயில் நகர நகர முக்காலியையும் நகர்த்திக்கொண்டாள். மாம்பூ உதிர்ந்து மகளின் தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஒன்றிரண்டைத் தட்டிவிடப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். நான் எதிரே சுவரோரம் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் இவ்வளவு பக்கத்தில் இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவளிடம் கேட்க நினைத்திருந்த எதையும் கேட்கத் தோன்றவில்லை.

டாக்சி ஹாரன் அடித்தபோதுதான் விழித்தாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது. எழுந்து மணியைப் பார்த்துப் பதறினாள்.

"ஏம்மா எழுப்பல? இன்னைக்கு ஒரு நாள்தானே இருந்துச்சு! உங்ககூடப் பேசவே இல்லையே!"

"தூங்கட்டும்னுதான் விட்டேன்," என்றாள் இவள். முதுகுப் புடவை வேர்த்து நனைந்திருந்தது.

மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள். சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுக்கவும் நேரமில்லை. டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார், எட்டு மணிக்கு அவளுக்கு மறுநாள் வேலைக்காக இங்கத்து ஆட்களோடு ஏதோ கூட்டம் இருந்தது. கார் தெருமுனை திரும்பும்வரை கேட்டருகே நின்றோம். உள்ளே வந்து, அவளுக்காகச் செய்த மத்தியானச் சாப்பாட்டை, விளக்கு வைத்த பிறகு, நாங்கள் இரண்டு பேரும் சுட வைத்துச் சாப்பிட்டோம்.