கிள்ளானில் ஒரு மூக்கு

மலேசியாவில், கிள்ளானில் மாலை கட்டுகிற கடைகளுக்கு நடுவே ஓர் அக்கா வெற்றிலை மடித்து விற்கிறார். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வாசனைப் புகையிலை. வீட்டிலேயே செய்ததாம். நானும் ஊரில் இருபது வருடமாக வீட்டில் செய்கிறவன். அந்தக் கர்வத்தோடு டின்னை வாங்கி முகர்கிறேன். கிராம்பும் ஏலக்காயும் தெரிகின்றன. இன்னொரு வாசனை மட்டும் பிடிபடவில்லை.

"பாண்டான் இலை அண்ணே, உங்க ஊர்ல ரம்பை இலைம்பாங்களே, அது. வெல்லப்பாகு காய்ச்சும்போதே போட்டுருவேன். அப்புறம் மூணு நாளு நிழல்லதான் காய வைக்கணும். வெயில்ல வெச்சா வாசம் ஓடிரும் லா. கிள்ளான் பூரா கேட்டுப் பாருங்க, இந்த வாசம் வேற யாருகிட்டயும் வராது."

"நீங்களும் புகையிலை போடுவீங்களாக்கா?"

"ஒரு நாளும் போட்டதில்ல. போட்டா மூக்கு செத்துரும். அப்புறம் எதை வெச்சு அளவு பாக்குறது?"

விட்டுக்கொடுக்க மனமில்லை. பையிலிருந்து என் புகையிலை டப்பாவை எடுத்து நீட்டுகிறேன். நான் செய்தது என்று சொல்லவில்லை. அக்கா ஒரே ஒரு முறை முகர்ந்து, மூடி, என் கையிலேயே திருப்பி வைக்கிறார்.

"கிராம்பு ரொம்பத் தூக்கல் அண்ணே. இது போடுற ஆளு செஞ்சது."