நான் அவசரமாகக் கரைசேர்த்த கப்பல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. கோர்வையாக எழுத வராது, மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது போன வருடம் மழைக்காலத்தில், மாசாய் என்ற ஊரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில். என் மகளுக்குப் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. காலையில் அவள் கம்பெனி பஸ் ஏறிவிட்டால், சாயங்காலம் வரை நான் யாரோடும் பேச மாட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம். வருடக்கணக்கில் கேண்டீனில் சமைத்திருக்கிறேன், ஆனால் பரிமாற மட்டும் முன்னால் வரமாட்டேன்.

மகள் கைப்பேசியில் ஒரு குழுவில் இருந்தாள். அங்கே எல்லோரும் சேர்ந்து எழுதியே ஒரு கதையை நடிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வேடம். தன் ஆள் என்ன செய்தார், என்ன சொன்னார் என்று ஒருவர் நாலு வரி எழுதிப் போடுவார். அதைப் பதிவு என்கிறார்கள். இன்னொருவர் தன் ஆளை வைத்து அதற்குப் பதில் போடுவார். கதை, நடுக்கடலில் திசை தவறிப்போன ஒரு பழைய கப்பல். மகள் அதில் டாக்டர். சமையல்காரிக்கு ஆள் இல்லை என்று என்னைச் சேர்த்துவிட்டாள். திரையில் விரலால் எழுதினால் அச்செழுத்தாக மாறிவிடுகிறது. முகம் காட்ட வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். எனக்குப் பிடித்துப்போனது.

என் முதல் பதிவு, "சோறு வெந்துவிட்டது." ஒருவரும் பதில் போடவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சோறு வெந்துச்சுன்னு போட்டா அவங்க என்னம்மா செய்வாங்க? சாப்டுட்டுப் போய்டுவாங்க லா. அரிசி மூட்டையில கடல் தண்ணி பூந்துருச்சுன்னு போடுங்க, அப்ப பாருங்க."

போட்டேன். ஆறு பேர் அடுப்படிக்கு ஓடி வந்தார்கள்!

கப்பல் தலைவராக எழுதியவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், இன்றுவரை தெரியாது. அவர் பதிவு வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பேன். புயல் அடித்தது என்று எழுத மாட்டார். மேசையிலிருந்த கோப்பிக் குவளை தானாக நகர்ந்து டாக்டரின் கைப்பக்கம் போனது என்று எழுதுவார். அதோடு நிறுத்திவிடுவார். குவளையைப் பிடிப்பதா விடுவதா என்பது டாக்டர் பாடு. எல்லாம் எனக்கே புரிகிற சாதாரணச் சொற்கள்தான். படித்து முடிப்பதற்குள் கை பரபரக்கும், நாமும் ஏதாவது எழுதவேண்டும் என்று.

அந்தத் தலைவருக்குக் கதையில் காய்ச்சல் வந்தது. நாள்கணக்கில் பிதற்றிக்கொண்டு கிடந்தார். என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மத்தியானம், மழைக்குத் துணிகளை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். தலைவர் என் மிளகு ரசத்தைக் குடித்தார், எழுந்தார், கப்பலைத் திருப்பினார், கரை வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. பெருமையாகத்தான் அனுப்பினேன்.

பிறகு மாலுமியாக எழுதுகிறவர் போட்டார்: "ஆண்ட்டி, எங்க கை காலையும் நீங்களே ஆட்டிட்டா நாங்க எதுக்கு?" இன்னொருவர், "அலமாக், கதையே முடிஞ்சிருச்சே!" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்தவர் ஆளை நாம் நடத்தக்கூடாது. தலைவர் நாள்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதிய காய்ச்சலை நான் ஒரு கிண்ணம் ரசத்தில் தீர்த்துவிட்டேன். அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. குழுவை விட்டு வெளியேறும் பொத்தான்மேல் விரலை வைத்தேன். நான் கூச்சமில்லாமல் பேசிய ஒரே இடம் அதுதான். அழுத்த மனம் வராமல், கைப்பேசியை அரிசி டப்பாமேல் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் மகள் வந்து படித்துப் பார்த்தாள். "அழிச்சிரலாமாம்மா?" என்று அவள் கேட்கும்போதே கைப்பேசி சிணுங்கியது. தலைவரின் பதிவு. எனக்கு நினைவிருக்கிற மட்டும் எழுதுகிறேன்.

"தலைவர் கண் திறந்தார். சுற்றிலும் கடல்தான். ஆனால் மிளகு வாசனை இருந்தது. காய்ச்சலில் அவர் கண்ட அந்தக் கரை எந்தத் திசையில் இருந்தது என்று நன்றாக நினைவிருந்தது. கிண்ணத்தோடு நின்ற சமையல்காரியிடம் கேட்டார்: அம்மா, அங்கே போய்ச் சேர நாளாகும். நம்மிடம் இன்னும் எத்தனை நாளுக்குக் குடிதண்ணீர் இருக்கிறது?"

நான் எழுதியது எதையும் அவர் தூக்கி எறியவில்லை. ரசத்தையும் வைத்துக்கொண்டார், கரையையும் வைத்துக்கொண்டார். அதற்குமேல், சமையல்காரி மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியையும் கேட்டிருந்தார்.

"உங்களத்தான் கேக்குறாங்க. சொல்லுங்க" என்றாள் மகள்.

அது எனக்குத் தெரிந்த விஷயம். குழாயில் தண்ணீர் நின்றுபோன நாட்களில் கேண்டீனில் குவளைக் கணக்கில் சமாளித்திருக்கிறேன். மூன்று நாளைக்கு வரும், சோற்றுக்குப் பதிலாகக் கஞ்சி வைத்தால் இன்னும் ஒரு நாள் கூட வரும் என்று எழுதினேன். கடைசிப் பீப்பாய் ஒழுகுகிறது, பிடித்துக்கொள்ள யாராவது வாருங்கள் என்று எழுதினேன். யார் வந்தார் என்று எழுதவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

முதலில் ஓடி வந்தது என்னைக் கடிந்துகொண்ட அதே மாலுமி. சட்டையைக் கிழித்து ஓட்டையை அடைத்தார்.

முகம் தெரியாத ஒருவர் என்னைத் திருத்திய விதம் அது, எனக்குத் தலைகுனிவு இல்லாமல். அன்றிலிருந்து யாரோடு பேசினாலும், அவர்கள் பதில் சொல்லக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேனா என்று பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் மூன்று நாளைக்கு என்றேனா, நான்கு நாளைக்கு என்றேனா, பீப்பாய் ஒன்றா இரண்டா, சரியாக நினைவில்லை. அந்தக் கப்பலில் இருந்தவர்கள் யாராவது, முக்கியமாகத் தலைவர், இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்களேன்.